இயேசு யாருக்காக மரித்தார்? ‘எல்லாருக்கும்’ என்ற சொல்லை விட்டுக்கொடுக்க முடியாது

1/
மார்த்தாண்டத்துல இருந்து ஆரல்வாய்மொழி வரைக்கும் நம்ம மாவட்டத்துக் கிறிஸ்தவ வீடுகள்ல ஒரு வாக்குவாதம் நடக்குது. வாலிபப் பிள்ளைங்க ராத்திரி போன்ல பிரசங்கம் கேக்குறாங்க. காலையில அம்மா அப்பாகிட்ட வந்து, “இயேசு எல்லாருக்காகவும் மரித்தார்னு உங்க போதகர் சொல்றது தப்பு. தேவன் முன்னாடியே தெரிந்துகொண்டவங்களுக்காக மட்டும்தான் மரித்தார்” னு சொல்றாங்க.

இதுக்குப் பதில் சொல்லியே ஆகணும். நீளமான த்ரெட். பொறுமையா வாசிங்க.

2/
நான் இறையியல் கல்லூரியில படிச்சவன் இல்ல, மருத்துவன். ஆனா இந்தக் கேள்வி கடைசியில எங்க வந்து நிக்குதுன்னு எனக்குத் தெரியும். பிரசங்க பீடத்துல ஆரம்பிச்சு ஆஸ்பத்திரிக் கட்டில்ல வந்து நிக்குது. அதனால பேசுறேன்.

கிறிஸ்தவரல்லாத நண்பர்களும் வாசிக்கலாம். ஒரு நல்லது வந்தா அது யாருக்கு உரியதுங்கிற கேள்வி எல்லா மதத்துலயும் இருக்கு.

3/
முதல்ல எதிர்த்தரப்பை நியாயமா சொல்லிடுறேன்.

1610ல நெதர்லாந்துல ஆர்மீனியஸின் வழி வந்தவங்க 5 கருத்துகளை முன்வச்சாங்க. அதுல ஒண்ணு, கிறிஸ்து எல்லா மனுஷருக்காகவும் மரித்தார், விசுவாசிக்கிறவங்க அதன் பலனை அடையுறாங்க என்பது. அதுக்குப் பதில் சொல்ல 1618–19ல டோர்ட் நகரத்துல ஒரு மாநாடு கூடுச்சு. அங்க எடுத்த முடிவுகளைத்தான் பிற்காலத்துல ‘டியூலிப்’னு 5 எழுத்துல சுருக்கினாங்க. அதுல நடு எழுத்துதான் ‘வரையறுக்கப்பட்ட பாவநிவாரணம்’. இன்னைக்கு நம்ம பிள்ளைங்க போன்ல வர்றது இதுதான்.

4/
அவங்க இயேசுவின் ரத்தத்துக்கு மதிப்புக் குறைவுன்னு சொல்லல. டோர்ட் தீர்மானமே, அந்த மரணம் முழு உலகத்தின் பாவத்தையும் போக்கப் போதுமானது, சுவிசேஷத்தை எல்லாருக்கும் அறிவிக்கணும்னுதான் சொல்லுது. ஆனா தேவனுடைய நோக்கம், அது தெரிந்துகொள்ளப்பட்டவங்களை மட்டும் நிச்சயமா மீட்கணும் என்பது.

அதாவது மதிப்பு எல்லாருக்கும் போதும். நோக்கம் சிலருக்கு மட்டும். இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்கிடுங்க. என் வழக்கு முழுக்க இதுமேலதான்.

5/
மருத்துவத்துல ‘வரையறை’ எப்போ வரும்? ரெண்டு காரணத்துக்காக வரும்.

ஒண்ணு, பற்றாக்குறை. பெரிய விபத்துல 20 பேர் வர்றாங்க, இருக்கிறது 2 டாக்டர்னா யாரை முதல்ல பார்க்குறதுன்னு தேர்ந்தெடுத்தாகணும்.

ரெண்டு, மருந்தின் பலவீனம். நம்ம ஊர் விஷமுறிவு ஊசி நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன்னு 4 பாம்புக்குத்தான் கேக்கும். மலையோர ரப்பர் தோட்டங்கள்ல மூக்கு நுனி மேடேறின ஒரு சின்ன விரியன் உண்டு. அது கடிச்சா இந்த ஊசி பலிக்காது.

6/
இப்போ மூணாவதா ஒரு ஆஸ்பத்திரியைக் கற்பனை பண்ணுங்க. ஸ்டோர்ல மருந்து நிறைய இருக்கு. எல்லா விஷத்துக்கும் கேக்கும். வந்தவங்க எல்லாருக்கும் கொடுத்தாலும் தீராது. ஆனா சூப்பரிண்டெண்ட் ஒரு லிஸ்ட் வச்சிருக்கார். லிஸ்ட்ல பேர் இருக்கிறவங்களுக்குத்தான் மருந்து. லிஸ்ட்டை யாருக்கும் காட்டமாட்டார். வாசல்லயோ, “விஷக்கடிக்கு இங்க வாங்க, எல்லாரும் வாங்க” னு போர்டு.

அந்த ஆஸ்பத்திரியை நீங்க என்ன சொல்லுவீங்க? பற்றாக்குறைன்னு சொல்ல முடியாது. பலவீனம்னும் சொல்ல முடியாது. வரையறுக்கப்பட்ட பாவநிவாரணம் தேவனை அந்த இடத்துல கொண்டுபோய் நிறுத்துது. கோபப்படாம யோசிச்சுப் பாருங்க.

7/
“தேவன் கடன்பட்டவரா? யாருக்குமே கொடுக்காம இருந்தாலும் அவர் நீதியுள்ளவர்தானே?” னு கேப்பாங்க. சரி. யாருக்கும் அவர் கடன்படல.

ஆனா இது கடனைப் பத்தின கேள்வி இல்ல, உண்மையைப் பத்தினது. போர்டுல எழுதினது நிஜமான்னுதான் கேக்குறேன். கொடுக்கிறதா நினைக்காத ஒருத்தரைப் பார்த்து “வா, உனக்குத்தான்” னு கூப்பிடலாமா? டோர்ட் மாநாட்டுக்குப் போன இங்கிலாந்துப் பிரதிநிதி ஜான் டேவனன்டுக்கும் இதே உறுத்தல் இருந்துச்சு. அந்த மரணம் ஏதோ ஒரு மெய்யான அர்த்தத்துல எல்லாருக்கும் உரியதுன்னு அந்த மாநாட்டுக்கு உள்ளேயே வாதாடினார்.

8/
வேதத்துக்கு வருவோம். டாக்டர் உவமை சொல்லித் தப்பிச்சுட்டார்னு யாரும் சொல்லக்கூடாது.

1 யோவான் 2:2. இயேசு நம்ம பாவங்களுக்கு மட்டும் இல்ல, முழு உலகத்தின் பாவங்களுக்கும் கிருபாதாரபலின்னு யோவான் சொல்றார். “இங்க உலகம்னா உலகமெங்கும் சிதறியிருக்கிற தெரிந்துகொள்ளப்பட்டவங்க” னு எதிர்த்தரப்பு சொல்லும்.

அதே நிருபத்துல 5:19 வாசிங்க. முழு உலகமும் பொல்லாங்கனுக்குள்ள கிடக்குதுன்னு அதே யோவான் சொல்றார். அங்கயும் ‘முழு உலகம்’தான். தெரிந்துகொள்ளப்பட்டவங்க பொல்லாங்கனுக்குள்ள கிடக்காங்கன்னு அர்த்தம் பண்ணுவீங்களா? ஒரே நிருபம், ஒரே கை, ஒரே சொல். ஒரு இடத்துல எல்லாரும், இன்னொரு இடத்துல சிலரா?

9/
1 தீமோத்தேயு 2ஆம் அதிகாரம். எல்லாருக்காகவும் ஜெபம் பண்ணச் சொல்லி, எல்லாரும் இரட்சிக்கப்படணும்னு தேவன் விரும்புறார், எல்லாருக்காகவும் கிறிஸ்து தன்னை மீட்கும்பொருளா கொடுத்தார்னு பவுல் போறார். “எல்லாரும்னா எல்லா வகையினரும்” னு விளக்கம் வரும். ராஜா, அதிகாரி, அடிமை, எல்லா வகையிலயும் சிலராம்.

அப்போ 4:10ஐ என்ன செய்ய? தேவன் எல்லா மனுஷருக்கும் இரட்சகர், விசேஷமா விசுவாசிகளுக்குன்னு அங்க எழுதியிருக்கு. ‘விசேஷமா’ன்னு ஒரு சொல் வந்தாலே அதுக்கு வெளியேயும் ஆள் உண்டுன்னுதானே அர்த்தம்?

10/
2 பேதுரு 2:1 இன்னும் கடினம். தங்களை விலைகொடுத்து வாங்கின ஆண்டவரையே மறுதலிச்சு அழிவைத் தேடிக்கொள்ற கள்ளப்போதகர்களைப் பத்திப் பேசுது. அழியுறவங்களையும் விலைகொடுத்து வாங்கியிருக்கார். இதை எந்த லிஸ்ட்டுக்குள்ள அடைப்பீங்க?

11/
அவங்க காட்டுற வசனங்களும் உண்டு. யோவான் 10ல நல்ல மேய்ப்பன் ஆடுகளுக்காக ஜீவனைக் கொடுக்கிறார். எபேசியர் 5:25ல சபைக்காகத் தன்னை ஒப்புக்கொடுக்கிறார். ரெண்டுமே உண்மை.

ஆனா கலாத்தியர் 2:20ல, அவர் எனக்காகத் தன்னை ஒப்புக்கொடுத்தார்னு பவுல் சொல்றார். அதை வாசிச்சுட்டு “பவுலுக்காக மட்டும்தான் மரித்தார்” னு யாரும் சொல்றதில்ல. “என் பிள்ளைகளுக்காக உழைக்கிறேன்” னு ஒரு அப்பா சொன்னா, ஊருக்கு அவர் எதுவும் செய்யலன்னு ஆகுமா? ‘இவங்களுக்காக’ன்னு இருக்கிற இடத்துல ‘மட்டும்’ சேர்க்கிறது வாசிக்கிறவங்க கைதான்.

12/
மாற்கு சுவிசேஷத்துல ‘அநேகருக்காக’ன்னு வருது, ‘எல்லாருக்காக’ன்னு இல்லையேன்னு கேப்பாங்க. இதுக்கு ஜான் கால்வினையே சாட்சிக்குக் கூப்பிடலாம். திருவிருந்து வேளையில இயேசு சொன்ன அந்த வார்த்தைக்கு விளக்கம் எழுதும்போது, அநேகர்னா உலகத்தின் ஒரு பகுதி இல்ல, முழு மனுக்குலமும்தான்னு கால்வின் எழுதியிருக்கார்.

நேர்மையா இன்னொண்ணும் சொல்லணும். 1 யோவான் 2:2க்கு அவர் எழுதின விளக்கம் எதிர்த்தரப்புக்குச் சாதகம். கால்வின் இறந்தது 1564ல. டோர்ட் கூடினது அதுக்கு 54 வருஷம் கழிச்சு. அவரை எந்தப் பக்கம் சேர்க்கிறதுன்னு அறிஞர்கள் இன்னைக்கும் சண்டை போடுறாங்க. “கால்வினே சொல்லிட்டார்” னு போன்ல வர்ற ஒரு நிமிஷ வீடியோவுக்கு மயங்காதீங்க.

13/
சரி, அவங்களுடைய பலமான வாதம் எது? 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஜான் ஓவன் வச்சது.

கிறிஸ்து எல்லாருடைய எல்லாப் பாவத்துக்கும் தண்டனையைச் சுமந்துட்டாருன்னா, ஏன் எல்லாரும் இரட்சிக்கப்படல? “விசுவாசிக்காததால” னு சொன்னா, அவிசுவாசமும் பாவம்தானே? அதுக்கும் சேர்த்துச் சுமந்துட்டாரே? ஒரே கடனுக்கு ரெண்டு தடவை வசூலிக்கலாமா? ஆகவே சிலருடைய பாவத்தைத்தான் சுமந்தார்.

கூர்மையான வாதம். முதல் தடவை கேக்குற பிள்ளைங்க விழுந்துடுறது ஆச்சரியம் இல்ல.

14/
பதில் இருக்கு. எபேசியர் 2:3ல, விசுவாசிக்கிறதுக்கு முன்னால நாங்களும் மத்தவங்களைப் போல கோபாக்கினையின் பிள்ளைகளா இருந்தோம்னு பவுல் சொல்றார். இது தெரிந்துகொள்ளப்பட்டவங்களைப் பத்தி.

அவங்க கடன் சிலுவையிலயே தீர்ந்துபோச்சுன்னா, விசுவாசிக்கிற நாள் வரைக்கும் அவங்க மேல எப்படிக் கோபாக்கினை இருந்துச்சு? ஓவன் வாதப்படி அவங்க பிறக்கும்போதே இரட்சிக்கப்பட்டவங்களா பிறந்திருக்கணும். அப்படி ஓவனும் சொல்லல. சிலுவையில சம்பாதிச்சது ஒருத்தருக்கு வந்து சேரணும், அது விசுவாசத்துல வந்து சேருதுன்னு அவரும் ஒத்துக்கிடணும். அதை ஒத்துக்கிட்ட உடனே ‘ரெண்டு தடவை வசூல்’ வாதம் நிக்காது. சம்பாதிச்சு வச்சது வேற, வந்து சேர்ந்தது வேற.

15/
அதோட ஓவன் கணக்குப்புத்தகத்தை வச்சுப் பேசுறார். இயேசு நிக்கொதேமுகிட்ட பேசும்போது கணக்குப்புத்தகத்தை எடுக்கல. பாம்புக்கடியைச் சொன்னார்.

யோவான் 3:14, எண்ணாகமம் 21. வனாந்தரத்துல ஜனங்களைக் கொள்ளிவாய்ப் பாம்பு கடிக்குது. மோசே வெண்கலப் பாம்பைக் கம்பத்துல தூக்கி வைக்கிறார். கடிபட்டவன் எவனும் அதைப் பார்த்தா பிழைப்பான். கம்பம் பாளையம் முழுசுக்கும் பொது. பார்க்காதவன் செத்தான். அதுக்காகக் கம்பத்தை இன்னார் இன்னாருக்குன்னு அளந்து நட்டாங்கன்னு யாராவது சொல்லுவாங்களா?

16/
பாம்புக்கடி பார்க்கிற டாக்டரா ஒரு தகவல். விஷமுறிவு ஊசி குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவுதான். மத்த மருந்தெல்லாம் எடைக்கு ஏத்த மாதிரி குறைப்போம், இதை மட்டும் குறைக்கமாட்டோம். ஏன்னா பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைக்கிறதில்ல. மருந்தோட அளவைத் தீர்மானிக்கிறது ஆள் இல்ல, உள்ள ஏறின விஷம்.

எல்லாரும் பாவம் செஞ்சாங்கன்னு ரோமர் 3 சொல்லும்போது அந்த ‘எல்லாரும்’ நிஜமா எல்லாரும்தான்னு ரெண்டு தரப்பும் ஒத்துக்கிடும். விஷம் எல்லாருக்கும். மருந்துன்னு வரும்போது மட்டும் ஏன் அகராதி மாறுது?

17/
“அப்படின்னா இரட்சிப்பு மனுஷன் கையில போயிடுமே? விசுவாசிச்சவன் பெருமை பேசுவானே?”

மாத்திரையை விழுங்கினவன், நான்தான் என்னைக் குணமாக்கினேன்னு பெருமை பேசி நான் பார்த்ததில்ல. மயங்கிக் கிடந்தவனைத் தட்டி எழுப்பி, வாயைத் திறக்கவச்சு, தண்ணியும் ஊத்தினது நர்ஸ். அந்த விசுவாசமே தேவன் தர்றதுன்னு லுத்தரன் சபை சொல்லும், நானும் அதைத்தான் நம்புறேன். பிழைச்சவன் கிருபையால பிழைச்சான். மறுத்தவன் தன் மறுப்பால போனான். இந்த ரெண்டையும் ஒரே சூத்திரத்துல அடைக்க முடியலன்னா அடைக்காம விடுங்க. சூத்திரத்தைக் காப்பாத்துறதுக்காக ‘எல்லாரும்’ங்கிற சொல்லை வெட்டாதீங்க.

18/
இன்னொரு பக்கமும் சொல்லிடுறேன். எல்லாருக்காகவும் மரித்தார்னா எல்லாரும் தானாவே இரட்சிக்கப்படுவாங்கன்னு அர்த்தம் இல்ல. போலியோ சொட்டு மருந்து எல்லாக் குழந்தைக்கும்தான் வந்துச்சு. விடுபட்ட வீட்டைத் தேடித் தேடிப் போய் ஊத்தினதாலதான் 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவுல காட்டுப் போலியோ வரல, 2014 மார்ச்ல சான்றிதழும் கிடைச்சுது. எல்லாருக்கும்னு நம்பினவங்கதான் கடைசி வீடு வரைக்கும் நடந்தாங்க.

19/
இப்போ ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வர்றேன். அடையாளங்களை மாத்தியிருக்கேன்.

புற்றுநோய் முத்தின ஒரு அம்மா. இனி சிகிச்சை இல்ல, வலிக்கு மட்டும்தான் மருந்து. கொஞ்ச மாசமா போன்ல ஒரு பிரசங்கியார் பேச்சுதான் அவங்களுக்குத் துணை. ஒருநாள் ரவுண்ட்ஸ்ல கையைப் பிடிச்சுட்டுக் கேட்டாங்க: “டாக்டரே, கர்த்தர் எனக்காவ மரிச்சாருன்னு நான் எப்பிடி அறியது?”

20/
பக்கத்துல நின்ன மகன், ஊழியத்துல ஆர்வமான பையன். அவன் சொன்ன பதில்: “நீங்க தெரிந்துகொள்ளப்பட்டவங்களா இருந்தா உங்களுக்காகத்தான் மரிச்சிருப்பார் அம்மா.”

அவன் கெட்ட பிள்ளை இல்ல. அம்மாவை மாத்தி மாத்தித் தூக்கிப் படுக்கவைக்கிற பிள்ளை. ஆனா அவன் கத்துக்கிட்ட போதனை அந்த நேரத்துல அவனுக்கு ஒரே ஒரு சொல்லைத்தான் கையில கொடுத்துச்சு. ‘இருந்தா’.

21/
அந்த ‘இருந்தா’ என்ன செய்யும்னு பாருங்க. லிஸ்ட் கண்ணுக்குத் தெரியாது. அப்போ அந்த அம்மா தனக்குள்ள அடையாளம் தேட ஆரம்பிப்பாங்க. ஜெபிக்க முடியுதா? மார்ஃபின் மயக்கத்துல முடியல. சந்தோஷம் இருக்கா? இல்ல. பொறுமை இருக்கா? நேத்து நர்ஸைத் திட்டிட்டேன். அப்போ நான் அந்த லிஸ்ட்ல இல்லையோ? இந்த நோவே அதுக்கு அடையாளமோ?

சாகப்போறவங்களைச் சிலுவையைப் பார்க்கச் சொல்லணும். இந்தப் போதனை அவங்களை அவங்களையே பார்க்கவைக்குது. அங்க என்ன இருக்கும்? வலியும் களைப்பும்தான்.

22/
நான் சொன்னேன்: “அம்மா, உங்களுக்காகவும்தான் மரிச்சார். சந்தேகமே வேண்டாம்.” டாக்டரா சொல்லல. அவங்க ஒரு விசுவாசிகிட்ட கேட்டாங்க, விசுவாசியா பதில் சொன்னேன்.

அந்த வாக்கியத்தை நேர்மையா சொல்லணும்னா ஒரே ஒரு நிபந்தனைதான். அது எல்லாருக்கும் உண்மையா இருக்கணும். எல்லாருக்கும் உண்மைன்னா, அவங்க யாருன்னு தெரியாமலே அவங்களுக்கும் உண்மை. சிலருக்கு மட்டும்தான் உண்மைன்னா, எந்தப் போதகரும் எந்தக் கட்டில் பக்கத்துலயும் “உனக்காக” னு சொல்ல முடியாது. சொன்னா அது ஊகம்.

23/
இது புது நோவும் இல்ல. இங்கிலாந்துக் கவிஞர் வில்லியம் கூப்பர், ஞானப்பாட்டுகள் எழுதினவர், 1773ல மனநோய் முத்தினப்போ தேவன் தன்னைத் தள்ளிட்டார்னு உறுதியா நம்பினார். 1800ல சாகுற வரைக்கும் அந்தப் பயம் அவரை விடல. அவரை நோயாளி ஆக்கினது போதனை இல்ல, நோய்தான். ஆனா அந்த நோய் பேசுறதுக்கு ஒரு பாஷையைப் போதனை கொடுத்துச்சு. அவர் நண்பர் ஜான் நியூட்டனும் கால்வின் வழிதான். அவர் கூப்பரைக் கைவிடாம கூடவே நின்னார். அதையும் சொல்லணும்.

24/
தீராத குற்ற உணர்வு, “எனக்கு மன்னிப்பே இல்ல” ங்கிற நம்பிக்கை, இதெல்லாம் கடுமையான மனச்சோர்வு நோயின் அறிகுறிகளா இருக்கலாம். அப்படி யாராவது பேசினா வசனம் சொல்லிட்டு விட்டுடாதீங்க. மனநல மருத்துவரைப் பாருங்க. டெலி மனஸ் 14416, இலவசம், தமிழ்லயும் பேசலாம். மாத்திரை சாப்பிடுறது அவிசுவாசம் இல்ல.

25/
இனி நம்ம மண்ணுக்கு வருவோம். “இது நாட்டுப்புறத்து அர்மீனிய சபைகளின் ஆழமில்லாத போதனை” னு சில பேர் எழுதுறாங்க. பாப்போம்.

நாகர்கோவில்ல 1907ல வந்த லுத்தரன் மிஷன், அதோட செமினரிக்கு ‘கன்கார்டியா’ன்னு பேர். அந்தப் பேர் லுத்தரன் விசுவாச அறிக்கைத் தொகுப்பின் பேர். 1577ல எழுதின அதன் கடைசி அறிக்கை, எல்லாரும் இரட்சிக்கப்படணும்னு தேவன் விரும்பலன்னு சொல்றதை வெளிப்படையா மறுக்குது.

26/
கேதரின் பூத் ஆஸ்பத்திரி நடத்துற இரட்சணிய சேனையின் 11 கோட்பாடுகள்ல 6ஆவது, இயேசு முழு உலகத்துக்கும் பாவநிவாரணம் செஞ்சார்னு சொல்லுது. கோட்டாறு கத்தோலிக்கருக்கு 1653லயே தீர்ப்பு வந்துட்டு. கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார்னு சொல்றது தப்புன்னவங்களை போப் 10ஆம் இன்னொசென்ட் கண்டிச்சார். சி.எஸ்.ஐ.யில சேர்ந்த மரபுகள்ல ஒண்ணான ஆங்கிலிக்கன் சபையின் 39 கோட்பாடுகள்ல 31ஆவதும் முழு உலகத்தின் பாவத்தையும்தான் பேசுது.

இவங்க எல்லாரும் ஞானஸ்நானத்துல சண்டை, திருவிருந்துல சண்டை, மரியாள் விஷயத்துல சண்டை. இந்த ஒரு சொல்லுல மட்டும் ஒத்துப்போறாங்க. ஆழமில்லைன்னு சொல்றதுக்கு முன்னால கொஞ்சம் யோசிங்க.

27/
எல்.எம்.எஸ். சங்கதி இன்னும் சுவாரசியம். 1795ல லண்டன்ல தொடங்கின அந்தச் சங்கத்துல கால்வின் வழி வந்தவங்கதான் அதிகம். ஆனா அந்தத் தலைமுறை கால்வின்காரங்க கடினத்தைத் தளர்த்தினவங்க. 1785ல ஆண்ட்ரூ ஃபுல்லர், சுவிசேஷத்தை நம்பவேண்டிய கடமை கேக்குற எல்லாருக்கும் உண்டுன்னு எழுதின பிறகுதான் வில்லியம் கேரி மாதிரி ஆட்கள் கப்பல் ஏறினாங்க. கேரியும் கால்வின் வழிதான். அதனால கால்வின்காரங்க மிஷனரிகளை அனுப்பலன்னு நான் சொல்லமாட்டேன். கதவைத் தளர்த்தின பிறகு அனுப்பினாங்கன்னு சொல்றேன்.

28/
நம்ம கதை மயிலாடியில ஆரம்பிக்குது. மகாராசன்னு ஒருத்தர், சாம்பவர் சமூகம். சிதம்பரத்துக்கு யாத்திரை போய் மனசு நிறையாம திரும்பும்போது, தஞ்சாவூர்ல லுத்தரன் மரபுல வந்த கோலாஃப் போதகர் பிரசங்கத்தைக் கேட்டு வேதமாணிக்கம் ஆனார். அவர் கூப்பிட்டுத்தான் ரிங்கல்தௌபே 1806ல ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா உள்ள வந்தார். ரிங்கல்தௌபே படிச்சது ஹாலே. வேதமாணிக்கத்துக்கு ஒரு கேள்வி முக்கியம்: “எனக்கும் உண்டா?” ‘உண்டு’ன்னு பதில் வந்துச்சு. ‘இருந்தா’ன்னு வரல.

29/
அந்தக் கேள்வி ஏன் முக்கியம்? அன்னைக்கு இந்த மண்ணுல எல்லாமே வரையறுக்கப்பட்டது. வழி வரையறுக்கப்பட்டது. கிணறு வரையறுக்கப்பட்டது. தோள்ல துணி போடுறதுக்குக் கூட 1822ல இருந்து 1859 வரைக்கும் 37 வருஷம் போராட வேண்டி வந்துச்சு. சுசீந்திரம் கோயில் வாசல் எல்லாருக்கும் திறந்தது 1936 நவம்பர் பிரகடனத்துக்கு அப்புறம்.

30/
இது கிறிஸ்தவங்களுக்கு மட்டும் சொந்தமான தாகமும் இல்ல. சாமிதோப்புல அய்யா வைகுண்டர் எல்லாச் சாதியும் ஒண்ணா தண்ணி எடுக்க முத்திரிக்கிணறு வெட்டவச்சார். ராமானுஜர் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்துல ஏறி, ரகசியமா காக்கச் சொன்ன மந்திரத்தை ஊருக்கே சொன்னதா வைணவ மரபு சொல்லுது. தனக்கு நரகம் வந்தாலும் பரவாயில்ல, இத்தனை பேர் பிழைக்கட்டும்னு. ‘எல்லாருக்கும்’ங்கிற சொல்லின் விலை தமிழ் மண்ணுக்கு நல்லாவே தெரியும்.

31/
ஒரு நியாயமான மறுப்பு: “தெரிந்துகொள்ளுதல் சாதி பார்க்கிறது இல்லையே. தகுதியே பார்க்காத கிருபை அது.” சரிதான். கால்வின் போதனை சாதிப் போதனைன்னு நான் சொல்லல. சொன்னா அது பொய்.

நான் சொல்றது இவ்வளவுதான். காரணம் சொல்லாம கதவைச் சாத்துறது என்னன்னு இந்த ஊருக்குத் தெரியும். இங்க வந்து “இந்தக் கதவும் சிலருக்குத்தான், ஏன்னு கேக்காதே” னு சொல்றவங்க, அந்தச் சொல் யார் காதுல விழுதுன்னு தெரிஞ்சு பேசணும்.

32/
இப்போ நம்ம பக்கம். எல்லாருக்கும்னு பாடுற நாம யோக்கியமா?

கல்லறைத் தோட்டத்துல சாதி இருக்கு. சபைத் தேர்தல்ல சாதிக் கணக்கு இருக்கு. கல்யாணப் பேச்சுல முதல் கேள்வி அதுதான். வரையறுக்கப்பட்ட பாவநிவாரணத்தை யாரும் பிரசங்கம் பண்ணாமலே நாம ஞாயித்துக்கிழமைதோறும் நடத்திக்கிட்டுதான் இருக்கோம். பிள்ளைங்க போன்ல வேற பிரசங்கம் தேடிப் போனதுக்கு இதுவும் ஒரு காரணம். நம்ம ‘எல்லாரும்’ பொய்யா இருக்குன்னு அவங்க கண்டுபிடிச்சுட்டாங்க.

ஆபரேஷனுக்கு ரத்தம் வேணும்னு ஓடும்போது மட்டும் யாரும் எந்தச் சபை, எந்தச் சாதின்னு கேக்குறதில்ல. ரத்த வகை பொருந்தினா போதும்.

33/
1838ல நெய்யூர்ல டாக்டர் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922 எவரெஸ்ட் பயணம் முடிச்ச டாக்டர் சோமர்வெல் அதே நெய்யூரைப் பார்க்க வந்து, காத்துக் கிடந்த கூட்டத்தைக் கண்டு, லண்டன் வேலையை விட்டுட்டு இங்கயே வந்து சேர்ந்தார். வரிசையில நின்னவங்கள்ல யார் தெரிந்துகொள்ளப்பட்டவங்கன்னு அவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்ல. அடுத்த ஆள் யாரோ, அவருக்காகவும் இயேசு மரித்தார்னு நம்பினா போதும், கத்தியைக் கையில எடுக்கலாம்.

34/
வாலிபத் தம்பி தங்கைகளுக்கு: நீங்க வேதத்தை ஆழமா படிக்கணும்னு ஆசைப்படுறது நல்லது. கிருபை முழுக்க தேவனுடையதுன்னு நீங்க சொல்றதை நானும் சொல்றேன். ஆனா 1 யோவான் 2:2, 5:19, 2 பேதுரு 2:1, எபேசியர் 2:3, இந்த நாலையும் ஒண்ணா வச்சு நீங்களே வாசிங்க. வீடியோவை நிறுத்திட்டு வாசிங்க.

35/
போதகர்களுக்கு: “வாலிபப் பசங்க கெட்டுப்போறாங்க” னு பீடத்துல திட்டாதீங்க. உட்கார்ந்து பதில் சொல்லுங்க. ஓவனுக்குப் பதில் தெரியலன்னா படிங்க. அப்புறம் உங்க சபைக் கல்லறைத் தோட்டத்தை ஒரு தடவை சுத்திப் பார்த்துட்டு வாங்க.

36/
நோயில கிடந்து இதை வாசிக்கிறவங்களுக்கு: உங்க விசுவாசத்தோட அளவைப் பரிசோதிக்கிற நேரம் இது இல்ல. பரிசோதனை எல்லாம் எங்க வேலை. கம்பத்துல தூக்கி வச்சதைப் பாருங்க. அது பாளையத்துக்கே பொது. நீங்க பாளையத்துலதான் இருக்கீங்க.

மாற்றுக் கருத்து இருந்தா கீழ எழுதுங்க. வசனத்தோட எழுதுங்க, மரியாதையா எழுதுங்க. ராத்திரி டூட்டி முடிஞ்சு பதில் போடுறேன்.